எலிப் பத்தியம்

நதானியேல் மாஸ்ரர் வீட்டுக் குடும்ப ஜெபத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் ஒரு பாட்டு, அடுத்தது சங்கீதம், அதன்பின் வேதாகமத்தில் ஓர் அதிகாரம், கடைசியில் ஜெபம். அவருடைய பூட்டனார் அமெரிக்க மிஷன்காரரிடம் பழகி வீட்டுக்குக் கொண்டுவந்த ஒழுங்கு அது. சண்டைக் காலத்தில் வட்டுக்கோட்டையை விட்டு ஓடி, யாரோ ஒருவருடைய மாட்டுக்கொட்டிலில் படுத்த நாட்களில்கூட அது தவறியதில்லை. போன ஐப்பசிக்குப் பிறகுதான் அதற்குள் ஒரு புதுச் சாமான் புகுந்தது. சங்கீதத்துக்கும் அதிகாரத்துக்கும் நடுவே மாஸ்ரர் எலிகளைப் பற்றி வாசிக்கத் தொடங்கினார்.

காரணம் இல்லாமல் இல்லை. அவருடைய மனைவி றோஸ் ரீச்சருக்குப் பெருங்குடலில் புற்றுநோய். தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் வெட்டியெடுத்துவிட்டு, மிச்சம் மீதி எங்கேயாவது ஒளிந்திருந்தால் அதையும் அழிப்பதற்கு மூன்று கிழமைக்கு ஒருமுறை மருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள். இப்படியொரு செய்தி வந்தால் மற்றப் புருஷன்மார் அழுவார்கள், அல்லது குடிப்பார்கள். மாஸ்ரர் கைபேசியை எடுத்து வாசிக்கத் தொடங்கினார். ஒரு தலைமுறைக்கே உயிரியல் படிப்பித்தவர் அல்லவா. உடம்பு என்பது தன்னுடைய பாடம், அதில் வேறு ஒருவரும் புள்ளி போடக்கூடாது என்ற நினைப்பு அவருக்கு.

சந்திக் கடையில் அச்செடுத்துக் கொண்டுவருவார். சிவப்புப் பேனையால் கோடு போடுவார். அந்தக் கட்டுரைகளில் முதல் பந்திதான் சும்மா கிடைக்கும், மிச்சத்தை வாசிப்பதென்றால் காசு கட்ட வேண்டும். மாஸ்ரர் முதல் பந்தியோடு நிறுத்திக்கொள்வார். சாரம் முழுவதும் அதற்குள் வந்துவிடும் என்பது அவருடைய கட்சி. பிறகு அந்தத் தாளை வேதாகமத்துக்குள் செருகி வைத்து, ஜெப நேரத்தில் எடுத்து, வரிவரியாகத் தமிழாக்கிச் சொல்வார். வேதத்தை வாசிக்கிற அதே குரல்தான். அச்சடித்த இங்கிலீஷ் பொய் சொல்லும் என்று அந்த வீட்டில் நான்கு தலைமுறையாக ஒருவரும் நினைத்ததில்லை.

"சீனிதான் புற்றுக்கலத்தின்ரை சாப்பாடு, றோஸ்," என்றார் முதல் நாள். "எலியளைப் பட்டினி போட்டுப் பார்த்திருக்கினம். புற்றுக்கலம் களைச்சுப்போச்சு. நோயை எதிர்க்கிற ரீ-கலங்கள் இருக்கெல்லே, அதுகள் உசாராகிக் கட்டிக்குள்ளை போய்ச் சண்டை பிடிச்சிருக்குதுகள். கட்டி சுருங்கிப்போச்சாம்."

"மனிசரிலை பார்த்தவையோ?"

"முதல் எலியிலைதான் பார்ப்பினம். அதுதான் முறை."

"சரி. அந்த எலியள் இப்ப எங்கை?"

மாஸ்ரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆராய்ச்சி முடிய அறுத்துப் பார்ப்பினம். அறுத்தாத்தானே கட்டி எவ்வளவு சுருங்கினதெண்டு தெரியும்."

"சுகம் வந்த எலியையுமோ?"

"நீர் விஷயத்தை விளங்கிக்கொள்ளும்," என்று சொல்லிவிட்டு அவர் அதிகாரத்துக்குப் போய்விட்டார். அன்றைக்கு யோபுவின் புத்தகம் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் பத்தியம் தொடங்கியது. சோறு இல்லை, பாண் இல்லை, பால் இல்லை, சீனியின் பேச்சே இல்லை. மீனும் இறைச்சியும் பிறகு பார்க்கலாம். மருந்து ஏற்றப் போவதற்கு முந்திய இரண்டு நாளும் மஞ்சள் போட்ட பூசணித் தண்ணீர் மட்டும். மற்ற நாட்களில் அவித்த முருங்கையிலை, அவித்த பாகற்காய், அவித்த இன்னொரு இலை. பக்கத்து வளவு ஆட்டுக்குக் கட்டிய குழையில் இதைவிட ருசி இருந்திருக்கும். ஆட்டுக்காவது வேண்டாம் என்று முகத்தைத் திருப்ப உரிமை இருந்தது.

றோஸ் வேலைக்குப் போன காலம் முழுவதும் மனையியல் படிப்பித்தவள். சமநிலை உணவு என்று கரும்பலகையில் வட்டம் கீறி, அதைத் துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டி எத்தனையோ பிள்ளைகளைச் சோதனைக்கு அனுப்பியவள். இது பிழை என்று அவளுக்குத் தெரியாமலில்லை. தெரிந்தும் அடங்கிக் கிடந்தாள். வேறொன்றுமில்லை, பயம். அவளுக்குச் சாகப் பயமாக இருந்தது. பயந்துபோன மனுஷிக்குப் பக்கத்தில் ஒருவர் அடித்துச் சொன்னால் அந்தக் குரலே ஒரு பிடிமானம். அதைப் பிடித்துக்கொண்டு அவள் முருங்கையிலையை விழுங்கினாள்.

மாஸ்ரர் மட்டும் வழமைபோலச் சாப்பிட்டார். காலையில் புட்டு, மத்தியானம் சோறும் பொரித்த மீனும், ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆட்டிறைச்சி. "ஒப்பீட்டுக்கு ஓராள் சாதாரணமாச் சாப்பிட வேணும். அதுதான் விஞ்ஞானம்," என்று ஒருநாள் பகிடி விட்டார். பகிடிதான். ஆனால் பொரித்த மீனின் மணம் பகிடி அல்லவே. றோஸ் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தாள்.

ஊரில் நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் வெறுங்கையோடு போகமாட்டார்கள். தோடம்பழம், பால்மா பைக்கற், பிஸ்கற், நல்ல மனம் உள்ளவர்கள் என்றால் சுடச்சுடச் சூப். இது பத்தியத்தைக் கெடுத்துவிடும் என்று மாஸ்ரருக்குத் தெரியும். ஆகவே ஒரு ஞாயிறு, ஆராதனை முடிகிற நேரம், அறிவித்தல்கள் வாசிக்கும் இடத்தில் எழுந்து நின்றார். வாலிபர் கூட்டத்துக்கும் அறுப்பின் பண்டிகைக்கும் நடுவில் அவருடைய அறிவித்தல் வந்தது. "றோஸைப் பார்க்க வாற சகோதர சகோதரிகள் தயவுசெய்து ஒரு சாப்பாட்டுச் சாமானும் கொண்டுவர வேண்டாம். இது விஞ்ஞானரீதியான சிகிச்சை. உங்கடை ஜெபம் போதும்."

சபையில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். மாஸ்ரர் சொன்னால் அது சொன்னதுதான். பள்ளிக்கூடத்தில் மூச்சுக் காட்டாமல் இருந்த அதே ஒழுக்கத்தோடு எல்லாரும் கையை வீசிக்கொண்டு வந்தார்கள். கதிரையில் இருந்து, தங்கள் தங்கள் கைபேசியில் வாசித்ததை அவளுக்குச் சொன்னார்கள். ஒருத்தி அன்னமுன்னா இலையை அவித்துக் குடித்தால் புற்று கரையும் என்றாள். ஒருவர் குடலுக்குள் இருக்கிற பக்ரீரியாதான் எல்லாத்துக்கும் காரணம் என்று அரைமணி நேரம் விளங்கப்படுத்தினார். நோயெதிர்ப்புச் சக்தி, நோயெதிர்ப்புச் சக்தி என்று வாய் ஓயாமல் சொன்ன ஒருவருக்கும் ஒரு வாழைப்பழம் கொண்டுவரத் தைரியம் இல்லை. போகும்போது எல்லாரும் ஜெபம் பண்ணிவிட்டுத்தான் போனார்கள். ஆமென் சொல்லக்கூட றோஸுக்குப் பெலன் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

தை மாதம் தெல்லிப்பழையில் அவளை நிறுத்துப் பார்த்த டொக்டர் ஜெசிதா, தராசைத் தட்டிவிட்டு இன்னொருமுறை ஏறச் சொன்னாள். இரண்டாம் முறையும் முள் அதே இடத்தில் நின்றது.

"என்னம்மா சாப்பிடுறனீங்கள்?"

மாஸ்ரர் தாளை எடுத்தார். டொக்டர் அதை வாங்கி வாசித்தாள். அந்தப் பிள்ளைக்குப் பொறுமை இருந்தது.

"சேர், இது பொய்யெண்டு சொல்லேல்லை. நல்ல ஆராய்ச்சிதான். இப்ப மனிசரிலையும் கவனமாச் செய்து பாக்கினம். ஆனா மெலிஞ்சு போன ஆக்களை உதுக்குள்ளை சேர்க்கிறேல்லை. அம்மா மெலிஞ்சு போனா. இனியும் நிறை இறங்கினா அடுத்த முறை மருந்து ஏத்தேலாது. உடம்பு தாங்காது, இரத்தத்திலை வெள்ளைக் கலங்களும் குறைஞ்சுபோய்க் கிடக்கு. மருந்தை நிப்பாட்டினா நோய்க்குத்தான் சந்தோஷம்." பிறகு றோஸின் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு வாய்க்குப் பிடிச்ச எதையெண்டாலும் சாப்பிடுங்கோ. முட்டை, மீன், கேக் எண்டாலும் பரவாயில்லை. சாப்பிட்டுக்கொண்டு வாங்கோ."

மாஸ்ரர் நல்ல மாணவனைப்போலத் தலையாட்டினார். ஓட்டோவில் ஏறியதும் தலை நின்றுவிட்டது.

"சின்னப் பிள்ளை. என்ரை பாடத்தைப் பாடமாக்கித்தான் உதெல்லாம் டொக்டரா வந்தது. பாவம், அவைக்கு வாசிக்க எங்கை நேரம்."

"அவள் சாப்பிடச் சொன்னவள்."

"நாங்கள் இவ்வளவு கஷ்டப்பட்டு வந்திட்டம், றோஸ். இப்ப விட்டா எல்லாம் வீண்."

நாங்கள் என்றார். றோஸ் அவருடைய வயிற்றைப் பார்த்தாள். துளையில் பூட்டிய சேட்டுத் தெறி இழுபட்டுக்கொண்டிருந்தது.

அன்று பின்னேரம் அவள் நேராகவே கேட்டாள். தனக்குச் சோறு வேண்டும் என்றாள். மாஸ்ரர் கதிரையில் இருந்து அழத் தொடங்கினார். "உம்மை விட்டிட்டு நான் என்ன செய்ய? நான் என்ன கெடுதலுக்கோ செய்யிறன்?" கெடுதலுக்கு இல்லை என்று அவளுக்கும் தெரியும். அந்த மனுஷனுக்குப் பயம். வாசித்துக்கொண்டிருந்தால் பயம் குறைகிறது. அவருடைய பயம் தீர அவள் பட்டினி கிடக்க வேண்டியிருந்தது. அவர் அழுததைப் பார்த்து அவளுக்கு இரக்கம் வரவில்லை, ஆத்திரந்தான் வந்தது. குசினிக்கு எழுந்து போனாள். அலுமாரியில் பூட்டு. பிந்தி வந்த பிள்ளைகளைச் சோதனை மண்டபத்துக்குள் விடாமல் பூட்டி வைத்த அதே பழைய பித்தளைப் பூட்டு.

வெளியே யாரிடம் கேட்பது? சபை முழுவதும் அவர் பக்கம். அடுத்த மருந்துக்கு இன்னும் கொஞ்ச நாட்கள்தான் இருந்தன. இப்படியே போனால் தராசில் ஏறுவாள், அந்தப் பிள்ளை தலையை ஆட்டும், மருந்து இல்லை என்று திருப்பி அனுப்பும். அதற்குப் பிறகு நடப்பதை எண்ணிப் பார்க்க அவள் துணியவில்லை.

மாசியில் அறுப்பின் பண்டிகை வந்தது. சபையார் தங்கள் வளவில் விளைந்ததையும் வீட்டில் செய்ததையும் கொண்டுவந்து படைப்பார்கள், ஆராதனைக்குப் பிறகு கோயில் வளவில் வைத்து எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். றோஸைக் கூட்டிக்கொண்டு போக மாஸ்ரர் உடனே சம்மதித்தார். வெயிலில் இருந்தால் விற்றமின் டி கிடைக்கும், அது ரீ-கலங்களுக்கு நல்லது என்று புதிதாக ஒரு முதல் பந்தி வாசித்திருந்தார். கதிரையை வேப்பமரத்து நிழலில் போட வந்த பெடியனைத் தடுத்து, நடு வெயிலில் போடுவித்தார்.

ஏலம் கூறியவர் றிச்சர்ட். தபால் கந்தோரில் வேலை, ஒலிபெருக்கி தேவைப்படாத தொண்டை, மாஸ்ரரிடம் அடி வாங்கிப் படித்தவர். இந்த ஏலத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு சாமானை எடுத்தவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோகாமல், "கோயிலுக்குத் திருப்பி விடுங்கோ," என்று சொல்லலாம். அது மறுபடி ஏலத்துக்கு வரும். கோயிலுக்கு இரட்டை வருமானம், சொன்னவருக்கு நல்ல பெயர். பூசணிக்காய் ஒன்று மூன்று கை மாறியது. வாழைக்குலை, சேவல், வெங்காயப் பிடி எல்லாம் போன பிறகு றிச்சர்ட் ஒரு தட்டைத் தூக்கிக் காட்டினார்.

"உதயகலாவின்ரை பட்டர் கேக். எங்கடை றோஸ் ரீச்சர் பழக்கின கை. துண்டு போட்டே வைச்சிருக்கு. ஆர் தொடங்குறியள்?"

றோஸ் கையை உயர்த்தினாள்.

மணிக்கூடு மணிக்கட்டில் நிற்காமல் முழங்கைவரை சரிந்து போனது. அதைப் பார்த்தவர்கள் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். றோஸ் விலை சொன்னாள். அவளுக்கும் ஓய்வூதியம் வருகிறது, யாரிடமும் கேட்கத் தேவையில்லை.

பக்கத்தில் இருந்த மாஸ்ரர் குனிந்து, "நீர் என்ன செய்யிறீர்?" என்று மெல்லக் கேட்டார். றோஸ் கையை இறக்கவில்லை. அவர் நிமிர்ந்து இருந்து, அவள் சொன்னதற்கு மேலே ஒரு விலை சொன்னார்.

சனம் சிரித்தது. புருஷனும் பெண்சாதியும் கோயிலுக்காகப் போட்டி போடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். றோஸ் ஏற்றினாள். மாஸ்ரர் ஏற்றினார். றிச்சர்டுக்குச் சந்தோஷத்தில் புளுகம் தாங்கவில்லை. ஒரு கேக்குக்கு அந்த வளவில் கேட்டறியாத விலை வந்தபோது றோஸ் நிறுத்தினாள். மூன்று தரம் கூறி, ஏலத்தை மாஸ்ரர் பேரில் அடித்தார்கள்.

"கோயிலுக்குத் திருப்பி விடும்," என்றார் மாஸ்ரர்.

கைதட்டல் விழுந்தது. தட்டு திரும்பி மேசைக்குப் போனது. றோஸ் மறுபடி கையை உயர்த்தினாள். மாஸ்ரர் மறுபடி அவளுக்கு மேலே போனார். இந்த முறை சிரிப்புக் குறைந்தது. வேறு ஒருவரும் வாய் திறக்கவில்லை. முன்வரிசையில் இருந்த உதயகலா, றோஸ் ரீச்சருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் ரீச்சர் தான் செய்த கேக்கைக் கேட்கிறாள், மாஸ்ரர் அதை அவளுக்குக் கிடைக்கவிடாமல் விலைகொடுத்துத் தடுக்கிறார். இது விளங்குவதற்குப் பட்டப்படிப்புத் தேவையில்லை. படித்த சபை, விளங்க இவ்வளவு நேரம் எடுத்தது.

றிச்சர்ட் குரலைத் தாழ்த்தினார். "மாஸ்ரர், உங்களிலை ஆர் எடுத்தாலும் உங்கடை வீட்டுக்குத்தானே போகுது..."

"நீ ஏலத்தை நடத்து," என்றார் மாஸ்ரர். வகுப்பில் கேட்ட அதே குரல். றிச்சர்டின் முதுகு தானாக நிமிர்ந்தது.

"ஓம், நடத்து, றிச்சர்ட்," என்றாள் றோஸ். "அவருக்கே அடி."

மூன்றுமுறை கூறி அடித்தார்கள். றிச்சர்ட் தட்டைக் கொண்டுவந்து மாஸ்ரரின் கையில் கொடுத்தார். மாஸ்ரர் மறுபடி "கோயிலுக்கு" என்று வாயெடுப்பதற்குள் றோஸ் கதிரையைப் பிடித்து எழுந்து, தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கடித்துவிட்டு, மிச்சத்தைத் தட்டின் நடுவில் திருப்பி வைத்தாள்.

"இனித் திருப்பி விடுங்கோ," என்றாள். "கடிச்ச கேக்கை ஆர் எடுக்கினம் பாப்பம்."

"றோஸ், சீனி..."

"காசு குடுத்தது நீங்கள். தின்னுறது நான். உங்கடை ரீ-கலங்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்ளுறன்."

கேக் ருசிக்கவில்லை. அதுதான் கொடுமை. மருந்து ஏற்றத் தொடங்கிய நாளிலிருந்து எதை வாயில் வைத்தாலும் ஆணியைச் சப்பியதுபோல இரும்பு ருசி. எத்தனையோ நாட்களாகப் படுக்கையில் நினைத்து நினைத்து வாயூறிய பட்டரும் முட்டையும் அந்த இரும்புக்குள் எங்கேயோ போய்விட்டன. கண் கலங்கியது. ஆனாலும் மென்று விழுங்கினாள். கடித்து வைத்த மிச்சத்தையும் எடுத்து விழுங்கினாள். பிறகு இன்னொரு துண்டு. கோயில் வளவே சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு மனுஷி கேக் தின்பதை இவ்வளவு பேர் இவ்வளவு பக்தியோடு பார்த்தது அந்தச் சபையின் சரித்திரத்தில் நடந்திருக்காது.

வாயைத் துடைத்துக்கொண்டு அவள், றிச்சர்ட் தொடாமல் மேசையில் விட்டிருந்த ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினாள்.

"ஒரு அறிவித்தல். நிறை குறைஞ்சா எனக்கு அடுத்த மருந்து ஏத்தேலாதெண்டு டொக்டர் சொல்லிப்போட்டா. இவர் அதை உங்களுக்குச் சொல்லேல்லை. என்னைப் பார்க்க வாறவை இனிச் சாப்பாட்டோடை வாங்கோ. ஜெபத்தை உங்கடை வீட்டிலை இருந்து பண்ணலாம். மீன், இறைச்சி, முட்டை, எதெண்டாலும். வெறுங்கையோடை வாறவை வரவேண்டாம்."

மாஸ்ரர் கையில் தட்டோடு வெயிலில் நின்றார். அவருக்கு ஒருவரும் கைதட்டவில்லை.

அடுத்த நாள் காலை எட்டு மணிக்கே உதயகலா மீன் சொதியோடும் இடியப்பத்தோடும் வந்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் முட்டை, கோழிச் சூப், பால்கஞ்சி. அன்னமுன்னா இலைக்காரி ஆட்டிறைச்சிப் பிரட்டல் கொண்டுவந்து, ஒரு சொல் கதைக்காமல் வைத்துவிட்டுப் போனாள். வெட்கம் சிலரை நல்ல சமையல்காரராக ஆக்கும்போலிருக்கிறது. அலுமாரிப் பூட்டின் திறப்பை மாஸ்ரர் மேசையில் கொண்டுவந்து வைத்தார். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. எலித் தாள் இல்லாமல் ஜெபம் சில நாட்கள் பழைய ஒழுங்கில் நடந்தது. றோஸ் சாப்பாட்டை ஒரு வேலையைப்போலச் செய்தாள். இரும்பு ருசியோடு விழுங்கினாள், சில நேரம் சத்தி எடுத்தாள், வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடி இருந்தாள்.

தெல்லிப்பழையில் தராசு முள் கொஞ்சம் ஏறி நின்றது. வெள்ளைக் கலங்களும் போதுமான அளவுக்கு வந்திருந்தன. "கெட்டிக்காரி," என்று சொல்லி டொக்டர் ஜெசிதா மருந்துக்கு எழுதினாள். றோஸ் கதிரையில் சாய்ந்து, கையில் ஊசி ஏற, முதல் சொட்டு இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை வரும்போல இருந்தது, அடக்கிக்கொண்டாள்.

வாசலுக்கு வெளியே மாஸ்ரரின் குரல் கேட்டது. புத்தூர்த் தோட்டக்காரர் ஒருவருக்கு வகுப்பு நடந்துகொண்டிருந்தது.

"பட்டினி மட்டும் காணாது, தம்பி. பட்டினிக்குப் பிறகு திருப்பிச் சாப்பாடு குடுக்கிறது இருக்கெல்லே, அப்பதான் புதுக் கலங்கள் உண்டாகுதாம். எலியளிலை காட்டியிருக்கினம். நான் என்ரை மனிசிக்கு அப்பிடித்தான் செய்தனான். இண்டைக்கு நிறையும் ஏறியிட்டுது."

றோஸுக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. மனுஷன் புதிதாக இன்னொரு முதல் பந்தி வாசித்துவிட்டார். எந்தப் பக்கம் விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத பிறவி.

பக்கத்துக் கதிரையில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருத்தி இருந்தாள். அவள் கையில் ஊசி இல்லை. கழுத்தெலும்பு சட்டைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. றோஸ் பெயர் கேட்டாள். பத்மாசினி என்றாள்.

"உமக்கு மருந்து ஏத்தேல்லையோ?"

"இண்டைக்கு ஏத்தேலாதாம், ரீச்சர். நிறை காணாதாம். இவர் திகதி கேட்டு எழுதிக்கொண்டு வாறனெண்டு போனவர், இப்ப வாசலிலை கதைச்சுக்கொண்டு நிக்கிறார்."

"என்ன சாப்பிடுறனீர்?"

அவள் குனிந்துகொண்டாள். "பூசணித் தண்ணி. சீனி, சோறு ஒண்டும் தாறேல்லை. போன முறை உங்கடை மாஸ்ரர்தான் இவருக்கு எல்லாம் விளங்கப்படுத்தினவர். படிச்ச மனிசன் சொல்லுறாரெண்டு இவரும் அப்பிடியே செய்யிறார்."

றோஸ் பக்கத்தில் கிடந்த பையை மடிக்கு இழுத்தாள். ஊசி இல்லாத கையால் அதைத் திறந்து, சாப்பாட்டுப் பெட்டியை எடுத்து, மூடியைக் கழற்றி அந்தப் பெண்ணின் மடியில் வைத்தாள். உதயகலா காலையில் கட்டிக் கொடுத்த கேக்.

"சாப்பிடும். ருசிக்காது, எண்டாலும் சாப்பிடும்."

பிறகு வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "இஞ்சாருங்கோ. இஞ்சை ஒருக்கால் வாங்கோ. அவரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

மாஸ்ரர் தாளோடு உள்ளே வந்தார். பின்னால் புத்தூர்க்காரர் வந்தார். பத்மாசினி புருஷனின் முகத்தைப் பார்த்து, கையில் எடுத்த துண்டை வாயில் வைக்காமல் நிறுத்தினாள்.

"அந்த எலியள் எங்கையெண்டு அண்டைக்குக் கேட்டனான்," என்றாள் றோஸ். "ஒண்டு இஞ்சை இருக்கு. மருந்தில்லையெண்டு இண்டைக்குத் திருப்பி அனுப்பினம். நீங்களே அவருக்கு விளங்கப்படுத்துங்கோ."

மாஸ்ரர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். கழுத்தெலும்பைப் பார்த்தார். தாளை மடித்தார், இன்னும் சின்னதாக மடித்தார், பையில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். புத்தூர்க்காரர் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாப்பிடட்டும், தம்பி," என்றார் மாஸ்ரர் கடைசியில். "நான் சொன்னது பிழை."

றோஸ் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பத்மாசினி கேக்கைக் கடித்தாள்.